கை பட்ட முட்டையும் காணாமல் போன முட்டையும்

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "சார், வாசல்ல தொங்குற செடித்தொட்டியில கொண்டைக்குருவி கூடு கட்டி மூணு முட்டை வச்சிருந்தது. சின்னவன் கையில எடுத்துப் பாத்துட்டான். மறுநாள் பாத்தா ஒண்ணுகூட இல்ல. மனுஷ வாசனை பட்டுதுன்னு தாயே தள்ளிவிட்டுடுச்சு போல." மஞ்சக்குப்பத்திலிருந்து பேசினாலும் சரி, அண்ணாமலை நகரிலிருந்து பேசினாலும் சரி, வசனம் மாறாது. குற்றவாளி மட்டும் மாறுவார். ஒரு வீட்டில் பேரன், இன்னொரு வீட்டில் பெயின்ட் அடிக்க வந்தவர்.

விலங்கியல் பாடம் நடத்தியே தலை நரைத்தவன் என்ற உரிமையில் ஒருமுறை உரக்கச் சொல்லிவிடுகிறேன். தாய் தள்ளவில்லை. சின்னவனின் கை வாசனைக்கும் அந்த முட்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முட்டையை எதுவோ தின்றுவிட்டது. அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். அந்நிய வாசனை பட்ட முட்டையை முகர்ந்து ஒதுக்கும் அளவுக்குப் பறவைகளுக்கு மூக்கு இருந்தால், குயில் எப்படிப் பிழைத்திருக்கும்? பெண்குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது. அந்த முட்டையில் இருப்பது மனித வாசனைகூட இல்லை, சாட்சாத் குயிலின் வாசனை. காக்கை கவலையே படாமல் அடைகாக்கிறது. உங்கள் தெருவில் கூட்டம் கூட்டமாகத் தத்தித் திரியும் தவிட்டுக்குருவியின் முட்டை நல்ல நீலம். அதன் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் சுடலைக்குயிலின் முட்டையும் நீலம். ஏமாற்ற வேண்டியது மூக்கை என்றால் நிறம் எதற்கு? இங்கே ஏமாற்றப்படுவது கண்.

பறவைகளுக்கு மோப்பமே கிடையாது என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். நியூசிலாந்தின் கிவி புழுவை முகர்ந்து பிடிக்கும். அமெரிக்காவில் ஒருவகைக் கழுகு, காட்டுக்குள் மறைந்து கிடக்கும் பிணத்தை வாசனையாலேயே கண்டுபிடித்துவிடும். ஆனால், மனிதன் தொட்ட முட்டையையோ குஞ்சையோ வாசனை பார்த்து ஒதுக்குவது நம் தோட்டத்துச் சிறு பறவைகளின் வழக்கம் இல்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே வைதம் என்றொரு காடு. அங்கே 1947 முதல் ஆராய்ச்சியாளர்கள் பெட்டிக்கூடுகளைத் திறந்து, பட்டாணிக்குருவிக் குஞ்சுகளைக் கையில் எடுத்து, எடை போட்டு, காலில் வளையம் மாட்டி, திரும்பக் கூட்டில் வைக்கிறார்கள். ஆள் நகர்ந்ததும் தாயும் தகப்பனும் புழுவோடு வந்துவிடும். கை வாசனையால் கைவிடுவது உண்மையாக இருந்தால் அந்தக் காட்டில் இன்று பட்டாணிக்குருவியே இருக்காது.

சரி, தின்றது யார்? முதல் சந்தேகம் காக்கைமேல்தான். நீங்கள் இலையை விலக்கிக் கூட்டைப் பார்க்கும்போது, எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் காக்கை உங்களைப் பார்க்கிறது. நீங்கள் உள்ளே போன பிறகு, அங்கே என்னதான் இருக்கிறது என்று அதுவும் வந்து பார்க்கும். அடுத்து வால்காக்கை. அதற்கு அடுத்து செம்போத்து. வேலிக்குள் பூனைபோல் பதுங்கி நடந்து கூடு கூடாகத் துழாவும். ஓணானும் சளைத்ததல்ல. தேன்சிட்டு முட்டை அதன் வாய்க்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். சாரைப்பாம்பு பகலெல்லாம் தேடித் திரியும், கண்டால் விடாது. பூனையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அணிலைச் சொன்னால்தான் எல்லோருக்கும் கோபம் வருகிறது. "ராமர் முதுகு தடவின அணில் முட்டை குடிக்குமா சார்?" குடிக்கும். முட்டையும் குடிக்கும், கண் திறக்காத குஞ்சையும் கடிக்கும். அணில் பழமும் கொட்டையும் மட்டுமே தின்னும் என்பது நம் பாடப்புத்தகப் படங்கள் சொல்லிக்கொடுத்த பொய். உங்கள் கொய்யா மரத்தில் அணில் ஏறும்போது கொண்டைக்குருவி ஏன் அப்படித் தொண்டை கிழியக் கத்துகிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

கூடு கலையாமல் முட்டை மட்டும் போயிருந்தால் பாம்பு, கூடு பிய்ந்திருந்தால் பூனை என்று சிலர் துப்பறியப் பார்க்கிறார்கள். காக்கையும் கூட்டைக் கலைக்காமல் முட்டையைத் தூக்கும். தடயத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம்மைப்போன்ற வெப்ப நாடுகளில், கிண்ணம்போல் திறந்த கூடு கட்டும் சிறு பறவைகளின் கூடுகளில் பாதிக்கு மேல் தோற்பது சாதாரணம். அதற்குப் பெரும் காரணம் இந்தத் திருட்டுதான். அதனால்தான் கொண்டைக்குருவி ஓரிடத்தில் தோற்றால் அழுதுகொண்டு உட்காராமல் பக்கத்திலேயே இன்னொரு கூடு கட்டி மறு ஈடு வைக்கிறது.

அப்படியானால் சின்னவன்மேல் தப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு தப்பு. ஆள் நடமாட்டம் கூடினால் கூட்டின் மறைப்பு கலையும், திருடனுக்கு வழி தெரியும். கூடு பாதி கட்டிய நிலையிலோ முதல் முட்டை வைத்த நிலையிலோ அடிக்கடி போய்த் தொந்தரவு செய்தால், இந்த இடம் சரிப்படாது என்று பறவை விட்டுப்போவதும் உண்டு. அது பயத்தால் நடப்பது, வாசனையால் அல்ல. முட்டை பொரிந்து குஞ்சுக்கு இரை கொண்டுவரும் கட்டத்தில் அவ்வளவு சுலபமாக விட்டுப்போகாது. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே தொடாதீர்கள். ஆனால் பொய்யான காரணம் சொல்லிக் குழந்தையை மிரட்டாதீர்கள்.

காரணம் பொய்யாக இருந்தால் என்ன, விளைவு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. விளைவு நல்லதாக இல்லை என்பதால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம். காற்றில் கீழே விழுந்த குஞ்சை ஒருவர் கையில் எடுத்துவிடுகிறார். 'இனி தாய் சேர்க்காது' என்று அக்கம்பக்கத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. உடனே ஒரு செருப்புப்பெட்டி, கொஞ்சம் பஞ்சு, இங்க் ஃபில்லரில் பால், மசித்த சோறு. மறுநாள் காலையில் குஞ்சு விறைத்துக் கிடக்கும். பறவை பாலூட்டி அல்ல; இதைத் தெரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டாம். பால் அதற்குச் செரிக்காது. வாயில் சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நாளெல்லாம் பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குத் தேன் ஊட்டி வளர்ப்பதில்லை. சிலந்தியும் பூச்சியும் பிடித்துத்தான் கொடுக்கிறது. பெற்றவர்கள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை செய்யும் வேலையை நீங்கள் ஆபீஸ் போய்வந்து செய்துவிட முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறகு முளைக்காத, தோல் தெரியும் குஞ்சு என்றால் தாராளமாகக் கையில் எடுத்துக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கூடே அறுந்து விழுந்திருந்தால், ஒரு பெரிய கொட்டாங்குச்சியின் அடியில் தண்ணீர் வடிய நாலு ஓட்டை போட்டு, உள்ளே பழைய கூட்டையோ காய்ந்த புல்லையோ வைத்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்துக் கிளையில் நிழலாகப் பார்த்துக் கட்டிவிட்டு விலகுங்கள். குஞ்சின் குரலைக் கேட்டுத் தாய் வந்துவிடும். உடம்பெல்லாம் இறகு, குட்டை வால், தத்தித் தத்தி நடக்கிறது என்றால் அது விழுந்த குஞ்சே அல்ல, கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு. கொண்டைக்குருவிக் குஞ்சு பொரிந்து இரண்டு வாரம் ஆவதற்குள், சரியாகப் பறக்கக்கூட வராமல் இப்படித்தான் வெளியே வரும். பக்கத்துப் புதரில் விட்டுவிட்டு, உங்கள் வீட்டுப் பூனையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க எனக்குப் பொறுமை இல்லை.

குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும் என்கிறார்கள். அது ஐரோப்பியக் குயிலின் குணம். நம் ஊர்க் குயில் குஞ்சு முந்திப் பொரிந்து முந்தி இரை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு ஒரே கூட்டில்தான் வளரும்.

செம்போத்துக் கூட்டில் சஞ்சீவி வேர் இருக்கும், ஆற்றில் போட்டால் எதிர்த்து ஓடும் என்கிறார்கள். அந்தக் கூட்டில் இருப்பது சுள்ளி, ஓலைக் கிழிசல், காய்ந்த இலை. வேரைத் தேடிக் கூட்டைப் பிய்ப்பவர்களும், வேர் வருமென்று குஞ்சின் காலை ஒடித்துப் பார்ப்பவர்களும் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டியது தங்கள் புத்திக்கு.

கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாம். அதற்கு மனிதனைக் கொல்லும் விஷமே கிடையாது. அது மரமேறுவது ஓணானையும் தவளையையும் பிடிக்க. கிடைத்தால் ஒரு குருவிக் குஞ்சையும்.

செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்தது என்பது 2018இல் '2.0' படம் வந்த பிறகு வேதவாக்காகிவிட்டது. 25 ஆண்டுகளுக்கு மேலான பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றது. குறைந்தது சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில். டவர் எங்கும்தான் இருக்கிறது. குருவி ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லையென்றால் டவரை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டாமா? ஓட்டு வீட்டு இறவாணமும், சுவர்ப் பொந்தும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியும் போன இடத்தில் குருவியும் போயிற்று.

மைனாதான் குருவியைத் துரத்துகிறது, மைனாவை ஒழிக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி புதிதாகக் கிளம்பியிருக்கிறது. மைனா பொந்துக்காகச் சண்டை போடும் என்பது உண்மை. குருவியின் முட்டையை வெளியே தள்ளிவிட்டுத் தன் வைக்கோலைத் திணிக்கும். 1862இல் மெல்பர்னுக்குக் கொண்டுபோய் விடப்பட்ட நம் மைனா இன்று அங்கே பெரிய தலைவலி. ஆனால் அது இங்கே பிறந்த பறவை. குருவியும் கிளியும் குண்டுக்கரிச்சானும் அதோடு காலம்காலமாக மல்லுக்கட்டித்தான் வாழ்ந்திருக்கின்றன. பொந்து பத்து இருந்தால் சண்டை சில்லறை. ஒன்றே ஒன்று இருந்தால் கொலை. குருவிக்குப் பெட்டி வைப்பவர்கள் வாசலை 32 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். மைனாவால் அதற்குள் நுழைய முடியாது. மைனாவைத் திட்டுவதைவிட இது சுலபம்.

எங்கள் கடலூர் மாவட்டத்தில் பொந்து எப்படிக் குறைந்தது என்பது ஊரறிந்த கதை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. பலாவை மறுபடி நட்டார்கள், காய்க்கவும் தொடங்கிவிட்டது. ஆனால் கிளிக்கும் மைனாவுக்கும் இடம் கொடுக்கும் பொந்து, நட்டதும் வந்துவிடுவதில்லை. மரம் கிழடாகிக் கிளை உளுத்துப்போக வேண்டும். அப்படி உளுத்த கிளையைப் பார்த்தாலே நமக்குக் கை துறுதுறுக்கிறது, வெட்டிவிடுகிறோம். கொல்லை முருங்கையில் பட்டுப்போன கிளை யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால் விட்டுவையுங்கள். குக்குறுவான் அந்த மெத்தென்ற மரத்தைத்தான் கொத்திக் குடையும். அது விட்டுப்போன பொந்து வேறொன்றுக்கு வீடாகும்.

வேலிக்கும் இதே கதைதான். சிதம்பரத்தைச் சுற்றி மனைபோட்ட இடமெல்லாம் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு ஹாலோ பிளாக் சுவர் எழுப்புகிறார்கள். கிளுவையும் நொச்சியும் கோவைக்கொடியும் பின்னிக் கிடந்த வேலியில் காக்கை தலையை நுழைக்க முடியாது, தையல்சிட்டு நுழையும். இன்று அந்தத் தையல்சிட்டு வேறு வழியில்லாமல் உங்கள் தொட்டிச் செடியில் இலையைத் தைக்கிறது, உலகமே பார்க்கும்படி. பிறகு முட்டை போய்விட்டது என்று எனக்குப் போன் வருகிறது. சுவர் கட்டியே தீருவேன் என்றால் உள்பக்கமாக ஒரு வரிசை கிளுவைக் குச்சி ஊன்றுங்கள். குச்சி நட்டாலே துளிர்க்கும் ஜாதி அது, காசு செலவில்லை. கத்தரிப்பதைச் சித்திரையிலும் வைகாசியிலும் செய்யாதீர்கள். புரட்டாசியில், ஐப்பசி மழைக்கும் புயலுக்கும் முன்னால் வெட்டினால் போதும். அதற்குள் கொண்டைக்குருவியின் கடைசி ஈடும் வெளியே வந்திருக்கும். அப்போதும் அரிவாளை வைப்பதற்கு முன் வேலியை ஒருமுறை விலக்கிப் பாருங்கள்.