நிலநடுக்கத்தை அளக்கும் இன்டர்நெட் கேபிள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பு எடுத்தவர்கள் ஆப்டிகல் ஃபைபர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. நீங்கள் அனுப்பும் இமெயில் ஒளியாக மாறி இதன் வழியேதான் செல்கிறது. இதே இழையால் நிலநடுக்கத்தையும் அளக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

இதற்கு உதவும் கருவி இன்டர்ஃபெரோமீட்டர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதி நீண்ட ஃபைபரில் போய்த் திரும்புகிறது. மறு பாதி கருவிக்குள்ளேயே சிறிது தூரம் செல்கிறது. பிறகு இரண்டையும் சேர்க்கிறார்கள். ஒளி ஓர் அலை. மேட்டுடன் மேடு சேர்ந்தால் வெளிச்சம் கூடும். மேட்டுடன் பள்ளம் சேர்ந்தால் இருட்டாகும். குளத்தில் இரண்டு கற்களை எறிந்து பாருங்கள், புரிந்துவிடும்.

இந்த லேசரின் அலைநீளம் சுமார் 1.55 மைக்ரான். (ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான்.) ஒளியின் பாதை இதில் பாதி அளவு நீண்டாலே வெளிச்சம் இருட்டாகிவிடும். அதாவது, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு! நிலம் அதிரும்போது இழை லேசாக இழுபடும். அந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டர் கோடாக வரைந்து காட்டும். ஆனால் சிடி டிரைவில் இருக்கும் லேசர் இதற்குச் சரிப்படாது. அலைநீளம் துளியும் மாறாத, விலை அதிகமான லேசர் வேண்டும்.

இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜுசெப்பே மாரா என்பவர் அணுக் கடிகார ஆய்வுக்காக ஃபைபரில் லேசர் அனுப்பிக்கொண்டிருந்தார். 2016இல் இத்தாலியில் ஏற்பட்ட நிலநடுக்கம் அந்த அளவுகளில் பதிவாகியிருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறு! அடுத்து, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே உள்ள 96 கிலோமீட்டர் கடலடிக் கேபிளில் சோதித்தார்கள். 3.4 ரிக்டர் அளவுள்ள சிறிய அதிர்வுகூடச் சிக்கியது. சாலைப் போக்குவரத்தின் இரைச்சல் இல்லாததால் கடலடியில் அளப்பது இன்னும் தெளிவாக இருந்தது. 2018இல் முடிவுகள் வெளியாயின.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. கடலடி நிலநடுக்கம் என்ன செய்யும் என்பதை 2004 டிசம்பர் 26 அன்று பார்த்தோம். ஆனால் கடலடியில் அளவுக் கருவிகள் வைப்பது பெருஞ்செலவு, இருப்பவையும் குறைவு. கேபிள்களோ ஏற்கெனவே அங்கே கிடக்கின்றன. ஓர் அலைநீளத்தை இதற்கு ஒதுக்கினால் போதும், மற்றவற்றில் இன்டர்நெட் வழக்கம்போல் ஓடும்.

ஒரு குறை இருந்தது. ஒரே கேபிளை வைத்து, அதில் எந்த இடம் அதிர்ந்தது என்று சொல்ல முடியாது. அதற்கும் 2022இல் வழி கிடைத்தது. இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள 5,860 கிலோமீட்டர் கேபிளில், வழியில் இருக்கும் ஒவ்வொரு ரிப்பீட்டரிலிருந்தும் சிறிது ஒளியைத் திருப்பி வரவைத்து, துண்டு துண்டாக அளந்து காட்டினார்கள்.