மூன்றாம் நாள்வரை வேண்டாம்

நெடுந்தீவிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

அம்மாவுக்குத் தெல்லிப்பழையில் கீமோ ஏற்றுகிறார்கள் என்றும், காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. மூன்றாம் நாள் கணக்கு டெங்குவுக்கு உரியது. மாரிக்கு மாரி சொல்லிச் சொல்லி யாழ்ப்பாணத்துக்கே அது மனப்பாடம், நல்லதுதான். டெங்குவிலும் வெண்குழியங்கள் குறையும். ஆனால் அது வைரஸ், அன்ரிபயோட்டிக்குக்கு அங்கே வேலையில்லை.

அம்மாவின் கதை வேறு. கீமோ ஏற்றிய இரண்டாவது வாரமளவில் நியூட்ரோபில் என்ற வெண்குழியங்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். மைக்ரோலீட்டருக்கு 500க்குக் கீழே போனால் குடலில் குடியிருக்கிற பக்டீரியாவே இரத்தத்தில் ஏறிவிடலாம். சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்தான். அது இல்லாத உடம்பில் புண் சீழ் பிடிக்காது, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கலாம். மிஞ்சுவது காய்ச்சல் மட்டும். பனடோல் அதையும் மறைத்துவிடும்.

இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாளாகும். அந்த முடிவு வருமுன்னே போனவர்கள் பலர். 1971இல் பால்ட்டிமோரில் ஷிம்ப் என்ற டொக்டரின் குழு, காத்திராமல் மருந்தை ஏற்றியதன் பலனை வெளியிட்டது. இன்றைக்கும் அதே வழிதான்: இரத்தம் எடுத்த கையோடு, ஒரு மணித்தியாலத்துக்குள் பிப்பராசிலின்-டாசோபாக்டம் போன்ற ஒன்றை நாளத்தில் ஏற்றுவது. கிருமி எதுவென்று தெரிந்தபின் மாற்றலாம்.

உங்களுக்குச் சிக்கல் அதற்கு முந்திய நேரம். தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011இல் ஆட்கள் நடந்து சேர்த்த காசில் எழும்பியது தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. ஆனால் அங்கே வந்து சேர, தீவிலிருந்து இரவில் குறிகட்டுவானுக்குப் படகு ஏது? அந்த இரண்டாவது வாரம் அம்மாவை மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ சொந்தக்காரர் வீட்டில் வைத்திருங்கள். அவர்களுக்குக் கரைச்சல் என்பா, விடாதீர்கள்.

தேர்மோமீட்டரை வாயில் வையுங்கள், மலவாசலில் வேண்டவே வேண்டாம். ஒருதடவை 101 பாகை பரனைட் காட்டினாலோ, 100.4 ஒரு மணித்தியாலம் நின்றாலோ 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். வெளிநோயாளர் வரிசையில் துண்டெடுத்து நிற்காமல், அவசரப் பிரிவில் கிளினிக் கொப்பியை நீட்டி, "கீமோ ஏற்றிப் பத்து நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். தீவில் நிற்கும்போதே காய்ந்தால் முதலில் நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கிருந்தே தெல்லிப்பழைக்குக் கதைத்து, படகுக்கு முன்னரே முதல் ஊசியைப் போடலாமா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும்.