தங்கவயலின் முதல் வெள்ளைக்காரர் யார்?

கேள்வி: கோலாரில் தங்கம் இருப்பதைக் கண்டறிந்தவர் லவேல் என்கிறார்கள், வாரன் என்றும் சொல்கிறார்களே? – ஒரு வாசகர், நந்திதுர்க், கோலார் தங்கவயல்

பதில்: இருவருமே பட்டாளத்துக்காரர்கள். ஆனால் முந்தியவர் லெப்டினன்ட் ஜான் வாரன். ஐரிஷ் வம்சாவளியில் வந்த பிரெஞ்சுக்காரர். 1769-இல் பிறந்து, பிரிட்டிஷாரின் 33-ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். திப்பு வீழ்ந்த பிறகு, 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்தபோது, இங்கே பொன் கிடைக்கும் என்ற பேச்சு காதில் விழுந்தது. காட்டுபவர்களுக்கு வெகுமதி என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே அலசிப் பொன்துகளை எடுத்துக் காட்டினார்கள். மாரிகுப்பத்தில் குழிக்குள் இறங்கித் தோண்டியவர்களையும் பார்த்தார். ஆக, கண்டுபிடித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். வாரன் அதை எழுதிவைத்தவர், அவ்வளவே!

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் லவேல் 1870-களில் உரிமம் வாங்கி ஊரிகத்தில் தோண்டத் தொடங்கினார். நந்திதுர்க் உள்ளிட்ட சுரங்கங்களை ஜான் டெய்லர் கம்பெனி நடத்தியது அதற்கும் பிறகு.

என்னைக் கேட்டால் வாரனின் பெரிய வேலை தங்கமே அல்ல. சென்னை வானாய்வகப் பொறுப்பை ஏற்று, 1807-இன் வால்நட்சத்திரத்தைக் கவனித்தார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை மனப்பாடமாகவே சொல்லிச் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பார்த்துப் பதிவு செய்தார். அது 1825-இல் வெளியான ‘கால சங்கலித’ நூலில் உள்ளது. 1830-இல் புதுச்சேரியிலேயே காலமானார்.