அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலிநிவாரணிகள்: எது முதலில், எது துணைக்கு?

அறுவைச் சிகிச்சை முடிந்து மவுண்ட் வெல்லிங்டனில் உள்ள தம் இல்லத்திற்குத் திரும்புவோர் பலர், இருவகை வலிநிவாரணிகளுடன் வருகின்றனர். பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் ஒருவகை. டிரமடால், கோடீன், மார்ஃபின், ஆக்ஸிகோடோன் ஆகியவை ஓபியாய்டு எனப்படும் அபின்வகை. கடையில் எளிதில் கிடைக்கும் மாத்திரை வலுவற்றது, மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே கிடைப்பதுதான் வலியைத் தீர்க்கும் என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அது பெரும்பாலும் பிழையானது.

லான்செட் இதழில் 2022-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, 47 சோதனைகளின் முடிவுகளை ஒருங்கே ஆராய்ந்தது. சிறிய, நடுத்தர அறுவைகளுக்குப் பின் வீடு திரும்பியோருக்கு ஓபியாய்டு அளித்ததால் வலி கூடுதலாகக் குறையவில்லை. வாந்தி முதலிய தொல்லைகளே மிகுந்தன. மூட்டு மாற்று போன்ற பெரிய அறுவைகளுக்கு இம்முடிவை அப்படியே பொருத்துதல் கூடாது. அங்கே முதற்சில நாள்களுக்கு ஓபியாய்டு தேவைப்படலாம்.

நம் ஆக்லாந்திலும் ஒரு சான்று உண்டு. மயக்கவியல் மருத்துவர் ஆலன் மெரியும் குழுவினரும் ஞானப்பல் அகற்றப்பட்டோரிடம் நடத்திய சோதனை 2010-இல் வெளியாயிற்று. பாரசிட்டமால் மட்டும், ஐபுபுரூஃபன் மட்டும் உண்டவர்களைவிட, இரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்திருந்தது. இரண்டும் வெவ்வேறு வழிகளில் செயற்படுவதே காரணம். ஐபுபுரூஃபன் புண்பட்ட இடத்தின் வீக்கத்தைத் தணிக்கிறது. பாரசிட்டமால் பெரிதும் மூளையில் செயற்படுகிறது.

ஆகவே மருத்துவர் வேறுவிதமாகக் கூறாவிடில், முதற்சில நாள்கள் பாரசிட்டமாலை வலி முற்றும்வரை காத்திராமல் நேரந்தவறாது உட்கொள்ளலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேற்படலாகாது. உடல் மெலிந்தோரும் கல்லீரல் நோயுள்ளோரும் தமக்குரிய அளவைக் கேட்டறிதல் வேண்டும். ஐபுபுரூஃபன் உணவுடன் உண்ணத்தக்கது. ஆனால் சிறுநீரக நோய், வயிற்றுப்புண், இதயச் செயலிழப்பு, ஆஸ்துமா உடையோரும், இரத்த அழுத்தத்திற்கோ இரத்தம் உறையாமைக்கோ மாத்திரை உண்போரும் கேளாமல் அதைத் தொடலாகாது.

இவற்றுக்குப் பின்னும் இருமவோ நடக்கவோ உறங்கவோ இயலாதபடி வலி இருப்பின், எழுதித் தந்த அளவில் ஓபியாய்டைச் சேர்க்கலாம். வலி தணியத் தணிய முதலில் நிறுத்தவேண்டியதும் அதுவே. மலச்சிக்கல் ஏறக்குறைய உறுதி. அதற்கான மருந்தையும் உடன் கேட்டுப் பெறுக. மதுவும் தூக்க மாத்திரையும் அதனுடன் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். எழுப்பியும் எழாத உறக்கம் கண்டால் உடனே 111-ஐ அழைக்கவும். மயக்கம் தரும் மருந்து உண்ணுங்கால் வாகனம் ஓட்டலாகாது.

நம் வீடுகளுக்கே உரிய இடர் ஒன்று, ஊரிலிருந்து பெட்டியில் வரும் மருந்து. டோலோ 650 என்பதும் பனடோல் என்பதும் பாரசிட்டமாலே. காம்பிஃபிளாமில் பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் இரண்டும் உள. பெயர் வேறென்று எண்ணி இரண்டையும் விழுங்கினால் அளவு மிஞ்சிவிடும். எல்லாப் பெட்டிகளையும் ஒரு பையிலிட்டு மருந்தாளுநரிடம் காட்டுதல் நலம்.

1996 முதல் நடைமுறையிலுள்ள நோயாளர் உரிமை விதிகளின்படி, தேவையான இடத்தில், இயன்றவரை, மொழிபெயர்ப்பாளரைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வீடு திரும்பும் நாளில் பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்வதைவிட அவ்வுதவியைக் கேட்பதே மேல். ஐயம் எழின் ஹெல்த்லைனை 0800 611 116 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். எஞ்சிய ஓபியாய்டு மாத்திரைகளை உறவினருக்குக் கொடுக்காமல் மருந்தகத்தில் ஒப்படைக்கவும்.