ஒரே பாலா?

கேள்வி: என் பாட்டி பால் மரம் வெட்டியவர். பேரன் பாடத்தில் பால்வீதி, ஆண்பால், பெண்பால் எல்லாம் வருகின்றன. எல்லாம் ஒரே பாலா?
- வாசகி, சுங்கை பூலோ

பதில்: இல்லையம்மா, இரண்டு பால்.

பாட்டி மங்கில் பிடித்தது வெண்மையால் பெயர் பெற்ற பால். அது மங்கிலேயே உறைந்தால் கட்டிப்பால், வெட்டிய கோட்டில் காய்ந்தால் ஒட்டுப்பால். உங்கள் ஊரில் சோதனைத் தோட்டம் வைத்திருந்த, 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதை 'லேடெக்ஸ்' என்றது; லத்தீனில் அதற்கு வெறும் திரவம் என்றுதான் பொருள். நம் தோட்டத்துச் சொல்லே மேல்! வானத்து வெண்பட்டையும் இதே பால்தான். 'கேலக்ஸி'க்குள்ளும் 'காலா' என்ற கிரேக்கப் பால் இருக்கிறது.

ஆண்பால், பெண்பால் வேறு கதை. அங்கே பால் என்றால் பிரிவு. பகு, பங்கு, பாதி எல்லாம் அதன் உறவுகள். அறத்துப்பாலும் அப்படியே. தொல்காப்பியர் ஊழையும் பால் என்கிறார். அவரவருக்குப் பகுத்துக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

உயிரியலில்தான் வம்பு. பாலூட்டியில் இருப்பது குடிக்கும் பால், பாலினத்தில் இருப்பது பிரிக்கும் பால். இரண்டும் ஒரே புத்தகத்தில் வரும், பேரனிடம் சொல்லிவையுங்கள்.