காசநோயும் சளிப் பரிசோதனையும்

காசநோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை எங்கள் விடுதியிலும் கண்டேன். வீண் வேலை! இந்நோய் காற்றில்தான் தொற்றுகிறது. நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள், காற்றோட்டமற்ற அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றைச் சுவாசித்துத் தொற்றுக்கு ஆளாவோரில் பெரும்பாலோர் நோயுறுவதில்லை. கிருமி உள்ளே உறங்கிக் கிடக்கும். எதிர்ப்பாற்றல் குன்றினால் விழித்துக்கொள்ளும்.

ராபர்ட் காக் 1882-இல் கண்டறிந்த இக்கிருமியை அதன் மெழுகுறையே காட்டிக்கொடுக்கிறது. சளியை ஸ்லைடில் தடவி, கார்பால் ஃபுக்சின் சாயமிட்டுச் சூடாக்கி, அமிலத்தால் கழுவினால் மற்றவை நிறமிழக்கும். இது மட்டும் சிவந்தே நிற்கும்.

வீட்டிலிருந்தே மருந்துண்டோரின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் சென்றோரின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை என்பதைச் சென்னை ஆய்வொன்று காட்டிற்று. இரு வாரத்திற்குமேல் இருமும் அறை நண்பரை நான் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வேன். சன்னலையும் திறந்து வைப்பேன்.