உறைபனிக் காலத்தில் தளம் போடலாமா?

கேள்வி: தலைக்குந்தா பக்கம் சின்னதாக வீடு கட்டுகிறோம். கொத்தனார் ஒருவர்தான் கூலிக்கு. சித்தாள் வேலை முழுக்க நானும் என் வீட்டுக்காரரும். சுவர் எழும்பிவிட்டது. மார்கழியில் தளம் போட்டு, தையில் பால் காய்ச்ச ஆசை. உறைபனிதான் பயமாக இருக்கிறது. கலவையில் கொஞ்சம் உப்பு போட்டால் உறையாது என்கிறார் கொத்தனார். ராத்திரி தளத்துக்கு அடியில் கரி அடுப்பு மூட்டலாம் என்கிறார் இவர். சென்ட்ரிங் வாடகை வேறு ஏறுகிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகி, ஊட்டி

பதில்: உப்பு கூடவே கூடாது. உள்ளே இருக்கும் கம்பியைத் துரு தின்றுவிடும். கரி அடுப்பும் வேண்டாம். அடைத்த இடத்தில் அந்தப் புகை ஆளையே கொல்லும்.

தளம் போடலாம். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் வேதிவினையால் இறுகுகிறது. குளிரில் அந்த வினை மந்தமாகும், அவ்வளவுதான். நிதானமாக இறுகிய கான்கிரீட் பின்னாளில் நல்ல பலத்தோடே நிற்கும். ஆபத்து, ஈரக் கலவைக்குள் இருக்கும் தண்ணீர் உறைவதில். உறைந்தால் அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடி, கான்கிரீட்டை உள்ளுக்குள்ளேயே பிளந்துவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று ராத்திரிகள்தான் முக்கியம்.

வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில்தான் உறைபனி விழும். மேகமூட்டமான நாட்களாகப் பாருங்கள். கடையில் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட்தான் கொடுப்பார்கள். தளத்துக்கு மட்டும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டான ஓபிசி (OPC) 53 கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் இறுகும். காலையில் கம்பியிலும் தகட்டிலும் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். வெயில் பட்டு அது கரைந்து, ஈரம் வடிந்த பிறகே ஆரம்பித்து, மதியத்துக்குள் முடியுங்கள். தண்ணீரைச் சூடாக்கிக் கலக்கலாம். ஆனால் முதலில் ஜல்லி, மணலில் ஊற்றிப் புரட்டிவிட்டு, கடைசியில் சிமென்ட். கலவையை இளக்கமாக்கக் கூடுதல் தண்ணீர் விடாதீர்கள். உறைவதற்கு அதுவே இரையாகும்.

வெயில் இறங்குமுன் பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே வைக்கோலோ காய்ந்த சாக்கோ கனமாகப் பரப்பி, இன்னொரு தாளால் மூடிக் கல் வையுங்கள். தேயிலை நாற்றுக்குப் போர்த்துகிற அதே அக்கறை வேண்டும். மூலையும் ஓரமும்தான் முதலில் உறையும். அங்கே இரட்டையாகப் போடுங்கள். கீழே ஜன்னல், வாசல் திறப்புகளை அடைத்துவிடுங்கள். பனி விழும் நாட்களில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டாம். வெயில் நேரத்தில் ஈரப்படுத்தி, மாலைக்குள் மூடினால் போதும்.

வாடகைக்குப் பயந்து முட்டுப் பிரிப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று கொத்தனார் சொல்வார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இல் உள்ள கணக்குதான் அது. ஆனால் ஓபிசி சிமென்ட்டுக்கும், வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கும் சொன்னது. உங்கள் ஊர் மார்கழிக்குப் பொருந்தாது. தளம் போடும்போதே அதே கலவையில் சில கான்கிரீட் கட்டிகள் வார்த்து, தளத்தோடு சேர்த்துப் போர்த்தி வையுங்கள். அவற்றைப் பரிசோதனைக் கூடத்தில் நசுக்கிப் பார்த்து, பலம் வந்தது தெரிந்த பிறகே முட்டில் கை வையுங்கள்.

பூச்சு வேலை பனிக்காலம் முடிந்த பிறகு. தையில் பால் காய்ச்சும் யோசனையை விட்டுவிடுங்கள். சித்திரையிலும் முகூர்த்தம் இருக்கிறது. கூடுதல் வாடகையைக் கொடுத்துவிடுங்கள்.